டிவியைப் பார்த்துப் போடுங்க

ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் வாரத்துக்கு ஒரு போனாவது வந்துவிடுகிறது. "சார், எக்ஸெல்ல ரெண்டு கண்டிஷன் சேந்து வந்தா மட்டும் கட்டம் செவப்பாகணும். மேக்ரோ எப்படி எழுத?" என்று ஏதாவது ஒரு நூல் மில்லிலிருந்து யாராவது கேட்பார்கள். ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள மில்களில் எக்ஸெல் தெரிந்த கிழவன் என்று எனக்கு ஒரு பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பெல்லாம் உட்கார்ந்து விலாவாரியாகச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது அலுப்புதான் வருகிறது. பதிலுக்கு நான் ஒன்றே ஒன்று கேட்பேன்.

"உங்க மில்லுல செவப்புன்னா என்னது?"

கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பார்களாக இருக்கும். நினைத்துவிட்டுப் போகட்டும். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருவரிடமும் சொல்லித் தொண்டை வற்ற வேண்டியதில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

1. சாக்பீஸ் போன கதை

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வேலை ராஜபாளையம் போகிற வழியில் ஒரு நூல் மில்லில். முப்பத்தோரு வருஷம் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மில்லில் எனக்குத் தரம் பார்க்கும் லேபில் வேலை. பேக்கிங்குக்குப் போகும் ஒவ்வொரு டிராலியிலிருந்தும் ஐந்து கோன், அதாவது நூல் சுற்றிய கூம்பு, எடுத்து, நூலைச் சுற்றி எடை போட்டு, அறுத்துப் பார்த்து, நம்பர் சரியா, பலம் சரியா என்று சொல்வது எங்கள் வேலை.

நம்பர் என்பது நூலின் சன்னம். நாற்பதாம் நம்பர் கொஞ்சம் தடி, அறுபதாம் நம்பர் அதைவிடச் சன்னம். நெசவுக்குப் போகும் ஒரு பெட்டியில் நாற்பதும் அறுபதும் கலந்தால் அதற்குப் பெயர் கவுண்ட் மிக்ஸ். நூல் மில்லில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. மற்ற குறைகளுக்குச் சமாதானம் சொல்லலாம். கவுண்ட் மிக்ஸுக்கு யாரும் சமாதானம் கேட்கக்கூட மாட்டார்கள்.

அது நடக்காமல் இருக்கத்தான் கோன் நுனியில் சாயம் பூசியிருப்பார்கள். எங்கள் மில்லில் நாற்பதுக்குச் சிவப்பு நுனி, அறுபதுக்குப் பச்சை நுனி. பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்கள் நாற்பது அறுபது என்றெல்லாம் பேசமாட்டார்கள். "செவப்பு வருது, பெட்டிய எடு" என்பார்கள். சிவப்பு நுனிக் கோன் சிவப்பு லேபிள் ஒட்டிய பெட்டிக்குப் போகும், பச்சை பச்சைக்குப் போகும். இது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் என்ன பிரயோஜனம் என்பதுதான் மீதிக் கதை.

டெஸ்ட் முடிவை அப்போது பேக்கிங் ஹாலில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுவோம். டிராலி எண், பக்கத்தில் 'போடு' அல்லது 'நிப்பாட்டு'. வருஷக்கணக்காக ஒரு குழப்பமும் வந்ததில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் மேனேஜர் கோயமுத்தூருக்கு ஒரு மில்லைப் பார்க்கப் போய்விட்டு வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சந்தோஷமோ கோபமோ, 'ஏமய்யா' என்றுதான் தொடங்குவார்.

"ஏமய்யா, அங்க ஹால்ல பெரிய டிவி மாட்டி, கலர் கலரா ரிசல்ட் ஓடுது. நம்ம மில்லுல இன்னும் சாக்பீஸு. நீர்தான் கம்ப்யூட்டர் கோர்ஸ் எல்லாம் படிச்சவராச்சே, பண்ணும்."

எனக்கு உள்ளூரப் பெருமைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

2. கண்டிஷன்கள்

கேட்பதற்கு எளிது. நம்பரும் இருக்க வேண்டியதிலிருந்து விலகி, பலமும் குறைந்தால் சிவப்பு, அதாவது நிப்பாட்டு. இரண்டில் ஒன்று மட்டும் கெட்டால் மஞ்சள், அதாவது இன்னொரு தடவை டெஸ்ட். இரண்டும் சரி என்றால் பச்சை. மூன்று கண்டிஷன், மூன்று வண்ணம். எக்ஸெல் தானாகவே வண்ணம் பூசும்படி ஒரு மேக்ரோவை, அதாவது கட்டளைப் பட்டியலை, ஒரு நாளில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதலில், சிவப்பாக வேண்டிய வரியெல்லாம் மஞ்சளாக நின்றது. 'இதுவோ அதுவோ' என்ற ஆர் கண்டிஷனை நான் முதலில் வைத்திருந்தேன். இரண்டுமே கெட்ட டிராலி அந்தக் கண்டிஷனுக்கும் பொருந்துமில்லையா? முதலில் எது பொருந்துகிறதோ அதன் வண்ணத்தைப் பூசிவிட்டு எக்ஸெல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. 'இதுவும் அதுவும்' என்ற ஆண்ட் கண்டிஷனை மேலே ஏற்றிய பிறகு சரியாயிற்று. கடுமையான கண்டிஷனை முதலில் கேள், இளகியதைப் பின்னால் கேள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டெஸ்டே செய்யாத டிராலிகள் சிவப்பாயின. காலிக் கட்டத்தை எக்ஸெல் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பலம் பூஜ்யம், நம்பர் பூஜ்யம், இரண்டும் தோல்வி, போடு சிவப்பை. 'காலியாக இல்லாவிட்டால்' என்று இன்னொரு கண்டிஷனைக் கூடவே சேர்த்தேன்.

பிறகு ஒரு நாள் எல்லா வண்ணமும் ஒரு வரி கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டாம் டிராலியின் பாவம் பதின்மூன்றின் தலையில். மேக்ரோ ஓடும்போது கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதைத் தொடக்கமாக வைத்து ஃபார்முலாவைப் படிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் கட்டத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் வண்ணம் பூச வேண்டும்.

கடைசியாக, ஃபைலே நகர மறுத்தது. திறந்து பார்த்தால் ஒரே கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான விதிகள். மேக்ரோ ஓடும்போதெல்லாம் பழையதை அழிக்காமல் புதிதைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். முதலில் டெலீட், பிறகுதான் ஆட்.

இத்தனையும் தீர்ந்த பிறகு டிவி மாட்டினோம். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று மேனேஜர் குறைப்பட்டார். எழுத்தைப் பெரிதாக்க இடம் போதவில்லை. ஒரு காலத்தை மறைத்தேன். காலம் என்று நாங்கள் சொல்வது காலண்டரில் போகும் காலத்தை அல்ல, மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்களின் வரிசையை. நான் மறைத்தது நம்பர் காலம். இந்த டிராலி நாற்பதா அறுபதா என்று சொல்லும் காலம். கோன் நுனியைப் பார்த்தாலே தெரிவதை எதற்கு டிவியில் போட வேண்டும் என்று நினைத்தேன். டிராலி எண்ணும் வண்ணமும் மட்டும் பெரிதாக, அழகாகத் தெரிந்தன.

வண்ணங்களுக்கு என்ன அர்த்தம் என்று பேக்கிங் மேஸ்திரி கருப்பசாமிக்கு விளக்கினேன். கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சிவப்பும் மஞ்சளும் விழுந்த டிராலிகளை அவரே தள்ளிக்கொண்டுபோய் ஓரம் கட்டிவிடுவார். பேக்கிங் மேஜைக்கு வருவதெல்லாம் தேறிய டிராலிதான். அதனால் பெண்களுக்கு யாரும் தனியாக விளக்கவில்லை. விளக்கத் தேவையும் வரவில்லை.

3. மொட்டைக் கோன்

பேச்சியம்மாள் சோழபுரத்திலிருந்து வருகிறவர். பேக்கிங்கில் பதினாறு வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு தடவை நிரந்தரப் பட்டியல் தயாராகும்போதும் அவர் பெயர் இருக்கிறது என்பார்கள், பட்டியல் வரும்போது இருக்காது. அந்த வருஷம் நிஜமாகவே இருந்தது. மேனேஜர் மேஜையில் என் கண்ணாலேயே பார்த்தேன், ஐந்தாவது பெயர். பார்த்ததை அவரிடம் சொல்லவும் செய்தேன். "போட்டு வந்தாத்தான் நெசம் சார்" என்று சொல்லிவிட்டு லேபிள் ஒட்டப் போய்விட்டார். ஆனால் அன்று மத்தியானம் பேக்கிங்கில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கிடைத்தது. லேபுக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

அந்த மாதம் சாயம் பூசிய கோன் வரத்து தாமதமானது. சமாளிக்க, நுனி வெள்ளையாக இருக்கும் கோன் ஒரு நாள் மட்டும் வந்தது. பெண்கள் அதற்கு மொட்டைக் கோன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதே நாள் கருப்பசாமி தங்கச்சி வீட்டுக் கல்யாணம் என்று வத்திராயிருப்புக்கு லீவில் போய்விட்டார். டிராலிகளை ஓரம் கட்ட ஆளில்லை.

காலை பத்து மணி வாக்கில் லேபில் போன் அடித்தது.

"சார், பேச்சி பேசுதேன். எல்லாம் மொட்டைக் கோனா வந்திருக்கு. எது செவப்பு, எது பச்சன்னு தெரியல. எப்படிப் பிரிக்க?"

நான் அப்போது கம்ப்யூட்டரில் வேறொரு கண்டிஷனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலேயே சொன்னேன்.

"டிவியைப் பார்த்துப் போடுங்க."

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

நம்பர் காலத்தை நான் மறைத்து வைத்திருக்கிறேன் என்பது அந்த நேரம் என் ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை. பதினேழாம் டிராலி அறுபதாம் நம்பர், டெஸ்டில் இரண்டிலும் தோற்றது, ஆகவே டிவியில் சிவப்பு. பதினெட்டாம் டிராலி நாற்பதாம் நம்பர், இரண்டிலும் தேறியது, ஆகவே பச்சை. இனி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். எனக்கு அது புரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

4. விசாரணை

புகார் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நெய்த துணியில் சாயம் ஏற்றியதும் பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்கிறது. நாற்பது பெட்டிக்குள் அறுபதும், அறுபது பெட்டிக்குள் நாற்பதும் இருந்திருக்கின்றன. பெட்டி எண்ணைப் பார்த்து யார் கட்டியது என்று கண்டுபிடிக்க மேனேஜருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதினோரு மணிக்குப் பேக்கிங் ஹாலிலேயே விசாரணை என்று சொல்லி அனுப்பினார்.

நான் லேபில் உட்கார்ந்து டிவிக்குப் போகும் அந்த எக்ஸெல் ஃபைலைத் திறந்தேன். டிராலி எண்ணுக்குப் பக்கத்தில் நம்பர் காலம் இல்லை. காலங்களுக்கு மேலே ஏ, பி, சி என்று ஓடும் தலைப்பில் ஒரு எழுத்து காணாமல் போயிருந்தது. இதனால்தான் தவறு நடந்தது என்று அப்போது முழுதாக விளங்கவில்லை. ஆனால் அது அங்கே இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ரைட் கிளிக் செய்து, மறைத்ததைத் திறந்துவிட்டேன். நல்லதுக்குத்தானே செய்கிறோம், இனிமேல் குழப்பம் வராதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாலில் டிவியும் மாறியிருக்கும்.

பதினோரு மணிக்கு எல்லோரும் டிவிக்கு முன்னால் நின்றோம். அன்றைய தேதியின் பக்கத்தை எடுக்கச் சொன்னார் மேனேஜர். பதினேழு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 60.

"ஏமய்யா, எம்புட்டுப் பெருசா அறுபதுன்னு போட்டிருக்கு! எம்மா, உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?"

பேச்சியம்மாள் டிவியையே பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அன்னைக்கு இது இல்ல சார்."

"எது இல்ல?"

"இந்த நம்பரு. கலரு மட்டுந்தான் இருந்துச்சு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏமய்யா, கண்டிஷன்ல ஏதும் மாத்தினீரா?"

"கண்டிஷன்ல ஒண்ணும் மாத்தல சார்."

உண்மைதான். கண்டிஷனில் நான் கை வைக்கவில்லை. என் முப்பத்தோரு வருஷத்தில் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பது போல ஒரு பார்வை. நான் கீழே கிடந்த ஒரு வெள்ளைக் கோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மில்லில் விளக்கக் கடிதம் என்று ஒரு வழக்கம் உண்டு. தவறு யாருடையது என்றாலும் மேஸ்திரிதான் எழுதுவார், தொழிலாளி கையெழுத்துப் போடுவார். எல்லாக் கடிதத்திலும் ஒரே வாசகம்: 'என் கவனக்குறைவால் நேர்ந்த தவறு, இனி நடக்காது.' சும்மா ஒரு சடங்கு என்றுதான் எல்லோரும் போட்டுக் கொடுப்பார்கள். கருப்பசாமி அதையே எழுதினார், பேச்சியம்மாள் போட்டார். சடங்கு இல்லை என்று மேனேஜர் அடுத்த நிமிஷமே காட்டினார்.

"ஒத்துக்கிட்டாச்சு. ரெண்டு வாரம் வீட்ல இரும்மா. நிரந்தர லிஸ்ட்டுல இருந்து பேரை எடுத்திருங்க."

5. இரண்டு நாள் டெஸ்ட்

இனி எழுதப்போவதை எழுதத்தான் கை வரவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் எக்ஸெல் பாடம்.

அன்று மத்தியானமே மேனேஜர் அறைக்குப் போய், காலத்தைத் திறந்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். நான் போகவில்லை. முதலில் மேக்ரோவில் தவறு இருக்கிறதா இல்லையா என்று முழுசாகப் பார்த்துவிடுவோம், பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று வைத்துக்கொண்டேன். செவ்வாய் மத்தியானமும் புதனும் உட்கார்ந்து ஒவ்வொரு கண்டிஷனாகச் சோதித்தேன். இரண்டும் கெட்டது, ஒன்று கெட்டது, இரண்டும் நல்லது, காலி, பாதிக் காலி. விதவிதமாக எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சரியான வண்ணம்தான் வந்தது. மேக்ரோவில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு நிம்மதி வரவில்லை. இன்னும் எதையாவது சோதிக்க முடியுமா என்று வியாழன் காலையிலும் தேடிக்கொண்டிருந்தேன். போகாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

வியாழக்கிழமை ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் எதிர்ப்பக்கம் பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் இறங்கி, சோழபுரத்துக்கு இன்னொரு பஸ். நான் போன நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வந்திருந்தது. பேச்சியம்மாள் வரிசையில் நின்றார்.

"வாங்க சார். செத்த நேரம் உக்காருங்க, தண்ணி நின்னுரும்."

ஆறு குடம் நிரம்பும்வரை அவர் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எம்மா, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? எதைப் பாத்துப் பிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"டிவியப் பாத்துத்தான். நீங்கதான சொன்னீக?"

"டிவில என்ன பாத்தீங்க?"

"பதினேழு செவப்பா இருந்துச்சு. செவப்புப் பெட்டியில போட்டேன். பதினெட்டு பச்சையா இருந்துச்சு. பச்சைல போட்டேன்." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார். "தொட்டதும் கைக்குத் தெரிஞ்சுச்சு சார், இது சன்னமால்ல இருக்கு, செவப்பு இப்படி இருக்காதேன்னு. ஆனா டிவி செவப்புங்குது, லேப் சாரு டிவியப் பாத்துப் போடுங்காரு. படிச்சவுக சொல்லும்போது எங் கையிக்கு என்ன தெரியும்னு போட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிவப்பு என்றால் நிப்பாட்டு என்று எழுதினேன். அவர் சிவப்பு என்றால் நாற்பது என்று படித்தார். பதினாறு வருஷமாக அந்த ஹாலில் சிவப்புக்கு அந்த ஒரே அர்த்தம்தான். நான் பிறகு வந்து அதே வண்ணத்துக்கு இன்னொரு அர்த்தம் வைத்து, அதை அவரிடம் சொல்லாமலும் விட்டேன். கோன் நுனி வெள்ளையாக இருக்க வேண்டும், நம்பர் காலம் மறைந்திருக்க வேண்டும், மேஸ்திரி லீவில் இருக்க வேண்டும். மூன்று கண்டிஷனும் ஒரே நாளில் சேர்ந்து வந்தன. என் மேக்ரோவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

"இதை ஏன் அன்னைக்கு மேனேஜர்கிட்ட சொல்லல? நான் போன்ல சொன்னதையாவது சொல்லியிருக்கலாமே?"

பேச்சியம்மாள் குடத்து மூடியைச் சரிசெய்தார்.

"நீங்க பக்கத்துலதான நின்னீக சார். நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன்."

டீ குடித்துவிட்டுப் போங்க என்றார். குடித்தேன்.

6. என் விளக்கக் கடிதம்

வெள்ளிக்கிழமை காலை வருகைக் கார்டைப் போட்ட கையோடு மேனேஜர் அறைக்குப் போனேன். போனில் சொன்னது, காலத்தை மறைத்தது, விசாரணைக்கு முன்னால் திறந்தது, வண்ணத்தின் குழப்பம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏமய்யா, ரிட்டையர் ஆக ரெண்டரை வருஷம் இருக்கு. இதையெல்லாம் இப்போ எதுக்குச் சொல்லுதீர்?"

"அந்தப் பொம்பள பேரு லிஸ்ட்டுல மறுபடி ஏறணும் சார்."

"லிஸ்ட்டு நேத்து சாயங்காலமே ஹெட் ஆபீஸுக்கு மெயில்ல போயிட்டு. நேத்து காலையில சொல்லியிருந்தாக்கூட அஞ்சாவதாவே போட்டிருப்பேன். இனி திரும்ப வாங்கணும்னா ஏன் எதுக்குன்னு அம்புட்டையும் எழுதணும். அடுத்த லிஸ்ட்டுல பாப்போம். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லும்."

நேற்று காலையில் நான் இன்னொரு காலிக் கட்டத்தில் பூஜ்யத்தைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு விளக்கக் கடிதம் வேண்டும் என்றேன். கருப்பசாமி தாளைக் கொண்டுவந்து, பழக்கத்தில் 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கினார். தாளை வாங்கி நானே எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கவனக்குறைவு என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை. காலத்தைத் திறந்தபோது நான் மிகக் கவனமாகத்தான் இருந்தேன். மேனேஜர் படித்துவிட்டு, பேச்சியம்மாளின் ஃபைலிலேயே அதைச் செருகினார்.

அடுத்த பட்டியல் வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதில் அவர் பெயர் இருந்தது. நான் ரிட்டையர் ஆக மூன்று மாதம் இருந்தது. இந்தத் தடவையும் கடலை மிட்டாய் வந்தது. அந்த இரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? யாரும் கொடுக்க முடியாது. அவர் கேட்கவும் இல்லை.

7. இப்போது

கடிதம் கொடுத்த அன்றே டிவியில் வண்ணத்தை எடுத்துவிட்டேன். கண்டிஷன்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வண்ணத்துக்குப் பதிலாகப் 'போடு', 'நிப்பாட்டு', 'மறு டெஸ்ட்' என்று எழுத்து வரும்படி மாற்றினேன். மூன்று வாரம் மெனக்கெட்டு எழுதிய மேக்ரோ கடைசியில் சாக்பீஸ் செய்த வேலையைத்தான் செய்தது. மேனேஜருக்குக் கொஞ்சம் வருத்தம். நம்பர் காலம் முதல் இடத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்றது.

போனில் என்னைக் கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆண்ட் முதலில், ஆர் பிறகு. காலிக் கட்டத்தைக் கவனி. பழைய விதியை அழித்துவிட்டுப் புதியதைப் போடு. கர்சர் நிற்கும் இடம் முக்கியம். இவ்வளவும் எந்த வீடியோவிலும் கிடைக்கும். அந்தத் திரையைப் பார்த்து வேலை செய்யப்போகிறவரிடம் போய், 'இந்தக் கலரைப் பார்த்தா நீங்க என்ன செய்வீங்க?' என்று கேட்பது மட்டும் கிடைக்காது. அதற்கு எழுந்து நடக்க வேண்டும். நடந்துபோய்க் கேட்ட பிறகு, கேள்வி உங்கள் பக்கம் திரும்பினால், வாயைத் திறக்கவும் வேண்டும்.

பேச்சியம்மாள் வேலைக்குத் திரும்பி வந்த நாள் மறுபடி ஒரு சந்தேகம் வந்தது. லேபில் போன் அடித்தது. எடுத்தேன்.

"சார், பேச்சி பேசுதேன். இருபத்தியொண்ணு மறு டெஸ்ட்டுன்னு போட்டிருக்கு. ஓரங்கட்டவா, வேண்டாமா?"

"டிவில போட்டிருந்தா அதேதான்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"போன்ல வேண்டாம் சார்" என்று அவரே முந்திக்கொண்டார். "நீங்க கீழ வந்து, எல்லாரும் இருக்கையில சொல்லிட்டுப் போங்க."

லேப் மாடியில். இறங்க இருபத்திரண்டு படி, எனக்கு முழங்கால் வலி. அன்று இறங்கிப் போய்ச் சொன்னேன். ரிட்டையர் ஆகும் நாள்வரைக்கும் ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய்த்தான் சொன்னேன்.